புது வீல் மாட்டும் முன் டயர் அளவைப் படிக்கும் வழி

காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்காருங்கள். கையில் ஓர் ஈரத்துணி இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் படிந்திருக்கும் தூசியைத் துடைத்தால், கம்பெனிப் பெயரைவிடச் சின்னதாக, புடைத்த எழுத்தில் ஒரு வரி தெரியும். உதாரணத்துக்கு 205/55 ஆர்16 91வி என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புது அலாய் வீல் போடலாம் என்ற எண்ணம் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். கடைக்குப் போவதெல்லாம் அப்புறம்.

பெரும்பாலும் வீலின் டிசைனைப் பார்த்து மனதைக் கொடுத்துவிடுகிறோம். டயர் அளவைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். நல்ல கடைக்காரர் பார்த்துக்கொள்வார்தான். ஆனால் அன்று கடையில் என்ன சரக்கு இருக்கிறதோ அதற்குள்ளேதான் அவரும் யோசிப்பார். கணக்கு உங்களுக்கும் தெரிந்திருந்தால் பேச்சே வேறு மாதிரி நடக்கும். பெரிய கணக்கு ஒன்றுமில்லை, பெருக்கலும் கூட்டலும் போதும்.

அந்த வரியில் என்ன இருக்கிறது?

205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். இந்தப் பக்கச் சுவரின் வெளி விளிம்பிலிருந்து அந்தப் பக்கச் சுவரின் வெளி விளிம்பு வரை. தரையைத் தொடும் பட்டனின், அதாவது பள்ளம் வெட்டிய மேல் ரப்பரின், அகலம் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, அளவு தப்பாக அச்சிட்டிருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

55 என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அது மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். டயரின் பக்கச் சுவர் எவ்வளவு உயரம் என்பதை அகலத்தின் சதவீதமாகச் சொல்கிறது. 205-ல் 55 சதவீதம் என்றால் 112.75 மில்லிமீட்டர். அதே 55 ஒரு 225 டயரில் இருந்தால் உயரம் 123.75 மில்லிமீட்டர். ஆக, 55 என்ற எண்ணை மட்டும் வைத்து உயரத்தைச் சொல்ல முடியாது. அகலத்தைக் கூட்டினாலே உயரமும் தானாகக் கூடிவிடும். "கொஞ்சம் அகலமான டயர் போடலாம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்று கேட்டால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

ஆர் என்பது ரேடியல். டயருக்குள் இருக்கும் நூலிழைகள் குறுக்காக, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் அமைப்பு. மிஷலின் கம்பெனி இதற்கு 1946-ல் காப்புரிமை பதிவு செய்தது. இன்று கார் டயர் என்றாலே இதுதான், ஆகவே இதில் நீங்கள் முடிவு செய்ய ஒன்றுமில்லை. ஆருக்கும், டயரைத் தாங்கும் உலோக வளையமான ரிம்முக்கும் சம்பந்தம் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். டயர் போய் உட்காரும் இடத்தில் அளந்தது. வீலின் வெளி உதட்டை அளந்தால் கூடுதலாகத்தான் வரும். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என மூன்று அளவைகள்! 1970-களில் மிஷலின், டிஆர்எக்ஸ் என்ற பெயரில் ரிம்மையும் மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து பார்த்தது. அந்த டயர்களில் 390 மாதிரி எண்கள் இருக்கும். அது நிலைக்கவில்லை, அங்குலமே தங்கிவிட்டது.

91 என்பது டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண். அது கிலோ அல்ல. அட்டவணையில் பார்க்க வேண்டும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 88 என்றால் 560, 94 என்றால் 670. கடைசியில் இருக்கும் எழுத்து, அந்த எடையோடு டயர் எவ்வளவு வேகம் வரை போகலாம் என்பது: டி 190 கிலோமீட்டர், எச் 210, வி 240, டபிள்யூ 270. எச் மட்டும் எழுத்து வரிசையை மீறி யூவுக்கும் விக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, குழம்ப வேண்டாம். இந்த இரண்டிலும் கார் கம்பெனி கொடுத்ததைவிடக் கீழே இறங்காதீர்கள். மேலே போகலாம். 'நான் அவ்வளவு வேகமாக ஓட்டுவதில்லை' என்பது இதற்குப் பதில் அல்ல. வேக எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

இப்போது ஒரு சந்தேகம் வர வேண்டும். நீங்கள் எழுதிக்கொண்டது காரில் இப்போது மாட்டியிருக்கும் டயரின் அளவு. அது கம்பெனி கொடுத்த அளவுதானா? கை மாறி வந்த காரில் முன்னாள் சொந்தக்காரர் எதை வேண்டுமானாலும் மாட்டியிருக்கலாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்குப் பின்னால். அதில் டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். அதைத்தான் அடிப்படையாக வைக்க வேண்டும். அதே மாடலின் உயர்ந்த ரகங்களுக்குக் கம்பெனியே 17 அங்குல வீல் கொடுத்திருந்தால் அந்த அளவும் ஸ்டிக்கரிலோ காரோடு வந்த புத்தகத்திலோ இருக்கக்கூடும். இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அந்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள், வேறு எதையும் தேடாதீர்கள்.

கணக்கு

வீல் மாற்றும் விஷயத்தில் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்றே ஒன்று: டயரோடு சேர்த்த மொத்த உயரம் மாறக் கூடாது. ரிம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் அதற்கு ஈடாகச் சிறுக்க வேண்டும். காருக்கு உங்கள் ரிம் 16 அங்குலமா 17 அங்குலமா என்று தெரியாது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு தூரம் போகிறது என்பதை வைத்துத்தான் ஸ்பீடோமீட்டரும் கிலோமீட்டர் கணக்கும் கியர் விகிதமும் அமைந்திருக்கின்றன.

மொத்த உயரம் கண்டுபிடிக்க, ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்குங்கள். பக்கச் சுவரின் உயரத்தை இரண்டால் பெருக்கி அதோடு கூட்டுங்கள். இரண்டு ஏன் என்றால், ரிம்முக்கு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர்.

நம் 205/55 ஆர்16-க்கு: 16 பெருக்கல் 25.4 என்றால் 406.4. சுவர்கள் இரண்டும் சேர்ந்து 225.5. மொத்தம் 631.9 மில்லிமீட்டர்.

இப்போது 17 அங்குல வீல் பிடித்திருக்கிறது. டயர் எண்களை அப்படியே வைத்து 205/55 ஆர்17 போட்டால் என்ன ஆகும்? 431.8 கூட்டல் 225.5, அதாவது 657.3. நாலு சதவீதம் கூடிவிட்டது. மீட்டர் முன்பு சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது என்று வைத்தால், இனி அது 100 காட்டும்போது கார் 104-ல் போகும். மட்கார்டுக்குள் மேலே 13 மில்லிமீட்டர் இடம் குறைந்துவிடும். இழுவையும் மந்தமாகத் தெரியும்.

அதற்குப் பதில் 225/45 ஆர்17 எடுங்கள். 225-ல் 45 சதவீதம் 101.25, இரண்டு மடங்கு 202.5. அதோடு 431.8 சேர்த்தால் 634.3. வித்தியாசம் 2.4 மில்லிமீட்டர், அரை சதவீதம்கூட இல்லை. ஒரு படி மேலே போய் 225/40 ஆர்18 என்றாலும் 637.2-தான், ஒரு சதவீதத்துக்குள் அடங்குகிறது. சின்னக் கார்களில் அதிகம் காணப்படும் 185/65 ஆர்15-ஐ எடுத்தால் அதன் உயரம் 621.5, அதற்கு 195/55 ஆர்16 கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தும், 620.9.

எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை? மூன்று சதவீதம் வரை போகலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் இரண்டைத் தாண்ட மாட்டேன், அதிலும் கூடுகிற பக்கம் போவதற்கு யோசிப்பேன். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐ.நா.வின் 39-ஆம் எண் ஒழுங்குமுறை. அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே அமைக்கின்றன. பெரிய டயர் போட்டால் அந்தக் கூடுதல் கரைந்துவிடும். இன்னொன்றும் கவனியுங்கள்: புது டயரின் பட்டன் ஆழம் 8 மில்லிமீட்டர் என்று வைத்தால், அது 1.6 வரை தேயும்போது மொத்த உயரத்தில் 12.8 மில்லிமீட்டர் போய்விடுகிறது. 632-ல் அதுவே இரண்டு சதவீதம். ஒரே டயரின் ஆயுளுக்குள் இவ்வளவு மாறுகிறது. நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் கார்களில் நாலு டயரும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

கணக்கு சரியாக வருகிறது என்பதற்காகப் போய்க்கொண்டே இருக்கலாமா? வேண்டாம் என்பது என் கருத்து. பக்கச் சுவர் 112-லிருந்து 101-க்கு இறங்குவதை உடம்பு லேசாக உணரும், அவ்வளவுதான். 18 அங்குலத்தில் சுவர் வெறும் 90 மில்லிமீட்டர். பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவருக்குள் இருக்கும் காற்றுதான். அது குறைந்தால் அடி ரிம்முக்குப் போகும்; ரிம் விளிம்பு கோணும், அல்லது டயருக்குள் நூலிழை அறுந்து பக்கவாட்டில் முட்டை மாதிரி வீக்கம் கிளம்பும். வீங்கிய டயரைச் சரிசெய்ய முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். மோசமான சாலையில் தினமும் ஓட்டுகிறவருக்கு ஒரு அங்குலம் கூட்டுவதே தாராளம்.

வீலுக்கும் எண்கள் உண்டு

டயர் கணக்கு முடிந்தது. வீல் பக்கம் போனால் அங்கே தனி எண்கள் காத்திருக்கும். வீலின் பின்பக்கம், கம்பிகளின் முதுகில், 7.5ஜே x 17 ஈ.டி.45 என்பதுபோல் வார்த்திருப்பார்கள்.

7.5 என்பது ரிம்மின் உள் அகலம், அங்குலத்தில். ஜே என்பது விளிம்பின் வடிவம். ஒவ்வொரு டயருக்கும் எந்த அகல ரிம்மில் உட்காரலாம் என்று ஒரு வரம்பு உண்டு. 205/55 ஆர்16-க்கு 5.5-லிருந்து 7.5 வரை, 225/45 ஆர்17-க்கு 7-லிருந்து 8.5 வரை. அகலமான ரிம்மில் ஒடுங்கிய டயரை இழுத்துப் போடுவதை அழகு என்று சிலர் செய்கிறார்கள். டயர் விளிம்பு ரிம்மை விட்டு நழுவுவதற்கு வழி செய்வது அது. செய்யாதீர்கள்.

அடுத்து போல்ட் வட்டம். 5x114.3 என்றால் ஐந்து ஓட்டைகள், அவற்றின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீட்டர். நாலு ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டைகளை அளந்துவிடலாம். ஐந்து ஓட்டையில் எதிரே ஓட்டை இருக்காது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையங்களுக்கு நடுவே அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். 112-க்கும் 114.3-க்கும் அந்த இடைவெளியில் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே கண்ணளவை நம்ப வேண்டாம், கார்ப் புத்தகத்தில் சரிபாருங்கள். 98 வட்டக் காரில் 100 வட்ட வீலை முறுக்கி உட்கார வைத்துவிடலாம், நட்டும் இறுகும். ஆனால் நட்டுகள் சாய்வாக இழுபட்டு நிற்கும். அப்படிப்பட்ட காரில் யாரையும் ஏற்றக் கூடாது.

ஈ.டி. என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வீலின் அகலத்துக்குச் சரி நடுவில் ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில், அதாவது காரில் வீல் மாட்டும் நடுப்பகுதியில், போய் ஒட்டும் முகம், அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே ஈ.டி. எண். எண் குறைந்தால் வீல் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும்.

உங்கள் பழைய வீல் 6.5ஜே, ஈ.டி.45. புதியது 7.5ஜே, ஈ.டி.40. ரிம் ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர் அகலமாகிறது, பக்கத்துக்கு 12.7. ஈ.டி. ஐந்து குறைந்ததால் மொத்த வீலும் ஐந்து மில்லிமீட்டர் வெளியே நகர்கிறது. ஆக வெளிப்பக்கம் 17.7 துருத்தும், உள்பக்கம் 7.7 நெருங்கும். இப்போது மறுபடி காரிடம் போங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டயரின் உள்பக்கத்துக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் 7.7 மில்லிமீட்டர் பிரச்சினை இல்லை. ஒரு விரலே இடித்தால் அந்த வீல் உங்களுக்கு வேண்டாம். வெளிப்பக்கத்துக்கு மட்கார்டின் விளிம்பிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள்; டயர் அந்த நூலுக்கு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று தெரியும். டயர் மட்கார்டை விட்டு வெளியே வருவதைப் பல நாட்டு விதிகள் அனுமதிப்பதில்லை. விதி இல்லாத இடத்திலும், கல்லையும் சேற்றையும் பின்னால் வருகிறவர்மேல் அடிக்கும்.

நடு ஓட்டையைப் பற்றி என் அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன். முதல்முறை அலாய் மாட்டியபோது, 80 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. இரண்டு தடவை பேலன்சிங் பார்த்தாகிவிட்டது, எந்திரத்தில் எல்லாம் பூஜ்யம் காட்டியது. மூன்றாவது தடவை ஒரு மெக்கானிக் வீலைக் கழற்றி, ஹப்பின் நடுவில் புடைத்திருக்கும் வளையத்தையும் வீலின் நடு ஓட்டையையும் அளந்தார். ஓட்டை ஐந்தாறு மில்லிமீட்டர் பெரிது. வெளியே விற்கிற வீல்கள் பல கார்களுக்குப் பொருந்தும்படி ஓட்டையைப் பெரிதாகவே வைத்திருப்பார்கள். அந்த இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். எனக்கு அதைப் போடாமல் விட்டிருந்தார்கள். கை வளையல் கனத்துக்கு நாலு வளையங்கள், நடுக்கம் அன்றே நின்றது. ஆகவே வீல் வாங்கும்போதே கேளுங்கள்: நடு ஓட்டை எவ்வளவு, என் காருக்கு எவ்வளவு, வளையம் வருகிறதா? வீலின் ஓட்டை ஹப்பைவிடச் சிறிதாக இருந்தால் அது உட்காரவே உட்காராது.

பிரேக் காலிப்பருக்கு, அதாவது பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகத்துக்கு, வீல் வழி விடுகிறதா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. மாட்டித்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் இதை வற்புறுத்துகிறேன்: டயர் ஏற்றுவதற்கு முன், வெறும் வீலைக் காரில் மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். டயர் ஏற்றிய வீலைக் கடைகள் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள். வீலின் முதுகில் அது தாங்கும் எடையும் வார்த்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

டயர் ஏற்றும் நாள்

பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பழைய சரக்கா என்று இதில் தெரிந்துவிடும். அம்புக்குறி போட்ட டயர் என்றால் அது சுற்றும் திசையிலேயே மாட்ட வேண்டும். வால்வு புதிதாகப் போடச் சொல்லுங்கள்; காற்றழுத்தம் காட்டும் சென்சார் இருக்கிற கார் என்றால் அதைப் புது வீலுக்கு மாற்ற வேண்டும், முன்கூட்டியே நினைவூட்டுங்கள்.

எக்ஸ்எல் என்று எழுதிய டயர் கூடுதல் எடை தாங்கும். ஆனால் கூடுதல் காற்று இருந்தால்தான் தாங்கும். 225/45 ஆர்17 சாதாரணத்தில் 91, எக்ஸ்எல்லில் 94 என்று வரும். 94-க்குரிய 670 கிலோவைப் பழைய அழுத்தத்திலேயே அது தூக்கிவிடாது. புது அளவுக்கு எவ்வளவு காற்று என்பதைக் காரின் ஸ்டிக்கரிலோ டயர் கம்பெனியின் அட்டவணையிலோ பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது ஹப்பின் துருவை முதலில் தேய்த்தெடுக்க வேண்டும். நட்டுகளைக் கையாலேயே சில சுற்று ஏற்றிவிட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். கடைசி இறுக்கம் அளவு காட்டும் டார்க் ஸ்பேனரில், கார்ப் புத்தகம் சொல்லும் அளவுக்கு. காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று முடித்துவிட்டுப் போக விடாதீர்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும்; அலாய் முதலில் கொஞ்சம் படிந்து கொடுக்கும்.

அப்புறம், ஆள் இல்லாத காரில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள், ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். 'சர்க்' என்று ஒரு சத்தம் வந்தாலும் இறங்கி, மட்கார்டின் உள் விளிம்பையும் டயரின் தோளையும் தடவிப் பாருங்கள். உரசிய இடம் பளபளவென்று தெரியும்.

மிச்சம் ஸ்டெப்னி. மொத்த உயரத்தை மாற்றாமல் விட்டிருப்பதால் பழைய ஸ்டெப்னி அவசரத்துக்கு உதவும். ஆனால் நட்டைப் பாருங்கள். அலாய்க்கு வந்த நட்டின் அடி கூம்பாக இருக்கலாம், பழைய ஸ்டீல் வீலுக்கு உருண்டையாக இருந்திருக்கலாம். போல்ட் போடுகிற கார்களில் நீளமும் மாறும், நீளமான போல்ட் ஸ்டீல் வீலில் உள்ளே போய்ப் பிரேக் பாகத்தில் முட்டும். கழற்றிய பழைய நட்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு துணியில் முடிந்து, ஜாக்கி இருக்கும் இடத்திலேயே ஸ்டெப்னியோடு போட்டு வையுங்கள்.